மீன் பத்தியம்

டாக்டர் ராஜகோபாலின் தங்கமீன்கள் வெள்ளிக்கிழமைகளில்தான் செத்தன. வேறு கிழமைகளில் செத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. செஞ்சியில் வெள்ளிக்கிழமை சந்தை. வல்லம், அவலூர்பேட்டை, மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து ஆடு விற்க வருகிறவர்கள், விற்ற கையோடு தங்கள் இருமலையும் வயிற்று வலியையும் டாக்டரிடம் இறக்கி வைத்துவிட்டு பஸ் ஏறுவார்கள். வாரம் முழுக்க அவரிடம் வருகிற நோயாளிகளில் பாதிப்பேர் அன்றைக்கு வருகிறவர்கள்தான். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரே கண்ணாடித் தொட்டி. அதில் ஒரு மீன் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கும்.

தொட்டி வாங்கியது நல்ல எண்ணத்தில்தான். சென்னையில் ஒரு பல் டாக்டரிடம் போனபோது, அங்கே காத்திருந்தவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டு, யார் முதலில் வந்தது என்று சண்டை போடாமல் உட்கார்ந்திருந்ததை இவர் பார்த்தார். செஞ்சியில் அந்தச் சண்டையை இருபது வருஷமாகத் தீர்த்துத் தீர்த்துக் களைத்துப் போயிருந்தார். அன்றைக்கே மூர் மார்க்கெட்டில் ஐந்து தங்கமீன்களை வாங்கி, பித்தளைத் தூக்கில் விட்டு, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். திண்டிவனத்தில் ஒருவர் அது குழம்பா என்று கேட்டாராம்.

முதல் மீன் செத்த வெள்ளிக்கிழமை, காய்ச்சலோடு அவலூர்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒருவர் தொட்டியைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "மீனையே காப்பாத்த முடியல. மனுசன இன்னாத்த காப்பாத்தப் போறாரு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த வாக்கியம் ஆட்டுச் சந்தையைச் சுற்றிவிட்டு, கடைத்தெரு வழியாக எங்கள் மளிகைக் கடைக்கு வந்து சேர்ந்தது. என் நைனா அதைப் புளி கட்டிக்கொண்டே இன்னும் நாலு பேருக்குச் சொன்னார்.

எங்கள் ஊரில் டாக்டர் என்ன படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. கைராசிக்காரரா என்றுதான் கேட்பார்கள். கைராசியை எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதால் அதில் யாரும் பெயிலாக முடியாது. ஆனால் அது போய்விடும். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாவது மீன் செத்ததும் அது போய்விட்டது. மூன்றாவது வெள்ளிக்கிழமை மூன்றாவது மீன் மிதந்தபோது பெஞ்சில் நானும் ஒரு பூனையும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டருக்கு விழுப்புரத்தில் ஒரு மைத்துனர் இருந்தார். பெயர் அரிகிருஷ்ணன். அவரும் டாக்டர்தான், சொந்தமாக மாடி வைத்த ஆஸ்பத்திரி கட்டியிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு வந்து, இந்தக் கிராமத்து ஜனங்களை நம்பிக் காலத்தை வீணாக்காமல் தன்னோடு வந்துவிடும்படியும், கீழே பக்கத்து அறையில் உட்கார்ந்து ஊசி போட்டால் போதும் என்றும் மிகுந்த அன்போடு சொல்லிவிட்டுப் போனார். ஊசி போட ஒரு நர்ஸ் போதும் என்பது இருவருக்கும் தெரியும். தீபாவளிக்குள் நோயாளிகள் திரும்பி வராவிட்டால் ஆஸ்பத்திரியை மூடிவிட்டுப் போய்விடுவது என்று டாக்டர் முடிவு செய்தார். அதை என்னிடம் சொன்னபோது வெயில் எப்படி என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். அதற்கப்புறம் வெகுநேரம் ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர்க் குழாயை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கே உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் உடம்பு அல்ல. பி.எஸ்ஸி. தாவரவியலில் ஒரு பேப்பர் போய், செப்டம்பர் வரை சும்மா இருந்தேன். சும்மா இருப்பவனைப் பார்த்தால் நைனா மிளகாய் மூட்டை பிரிக்கச் சொல்வார். டாக்டர் அறையில் மின்விசிறி இருந்தது. எனக்குப் போன பேப்பர் பாசிகளைப் பற்றியது.

ஆகவே, "கொஞ்சம் பாசி வளர விடுங்க சார், மீன் சாகாது" என்று நான் சொன்னபோது டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"பாசியிலதானே உனக்குப் போச்சு?"

"ஆமாம் சார்."

"செஞ்சியில இதைப் படிச்சவன் வேற எவனாவது இருக்கானா?"

"இல்ல சார்."

"சரி, சொல்லு" என்றார்.

மீன் சாவதற்குக் காரணம் சுத்தம் என்று சொன்னேன். கம்பவுண்டர் முருகையனுக்கு வெள்ளிக்கிழமை என்றால் வீடு வாசல் கழுவி, நிலைக்கு மஞ்சள் பூசுகிற நாள். அதே கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, தரையைக் கழுவி, மருந்து அலமாரியைத் துடைத்து, மீன் தொட்டியையும் கவிழ்த்து சவுக்காரம் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பி, கண்ணாடியில் மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். அந்த வருஷம் காலராவுக்குப் பயந்து குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மனிதர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தோம். காலையில் அந்தத் தண்ணீரில் விழுகிற மீன்களில் நோஞ்சானாக ஒன்று பத்து மணிக்குச் சாகும். பத்து மணிக்குத்தான் சந்தைக் கூட்டம் உள்ளே வரும். டாக்டரின் கைராசியைக் கெடுத்தது லட்சுமிகரம்தான்.

மீன் கழிப்பதும் தின்னாமல் விடுவதும் தண்ணீரிலேயே கரைந்து விஷமாகிறது. பாசி அதை உரமாக எடுத்துக்கொள்ளும், வெளிச்சம் பட்டால் பிராணவாயுவை விடும். தொட்டியின் மூன்று பக்கக் கண்ணாடியில் பாசியை விட்டுவிட்டு, முன் பக்கத்தை மட்டும் துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் குறைந்தால், முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்த கிணற்றுத் தண்ணீரில் ஒரு செம்பு ஊற்ற வேண்டும். இவ்வளவையும் நான் பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் பாஸாகியிருப்பேன். அங்கே மின்விசிறி இல்லை.

முருகையன் இதைத் தன் உத்தியோகத்தின் மேல் போட்ட பழியாக எடுத்துக்கொண்டார்.

"பாசி புடிச்ச எடத்துல லட்சுமி நிப்பாளா தம்பி?" என்று கேட்டார்.

"ஏன் நிக்க மாட்டா?"

"வழுக்கி வுழுந்துடுவா."

பாசி வழுக்கும் என்பது என் பாடப் புத்தகத்திலும் இருந்தது. டாக்டர்தான் கண்களை மூடிக்கொண்டு, முருகையா, மிச்சம் ரெண்டு மீன்தான் இருக்குது, அதுங்க விழுந்தா நாம ரெண்டு பேரும் விழுந்தோம் என்றார். முருகையன் தொட்டி துலக்கும் நாரைக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் வைத்தார். தூக்கி எறியவில்லை.

மறுநாள் கோட்டைக்குள் செட்டிக்குளத்துக்குப் போய், படியோரத்தில் பாசி படிந்த கற்கள் நாலைந்தை நனைந்த சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுவந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் என்ன என்று கேட்டார்கள். பாசி என்றேன். பி.எஸ்ஸி. படித்தவன் குளத்துப் பாசியைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து அவர்கள் என் நைனாவுக்காக வருத்தப்பட்டார்கள்.

கற்களைத் தொட்டியில் வைத்து, தொட்டியை ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். கொஞ்ச நாளில் கண்ணாடியில் லேசான பச்சை படர்ந்தது. மீன்கள் அதில் வாயை வைத்து உரசின. அந்த வெள்ளிக்கிழமை எதுவும் சாகவில்லை. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கொஞ்சம் பாசி நல்லது என்றால் நிறையப் பாசி இன்னும் நல்லதாகத்தானே இருக்கும் என்று, ஜன்னல் திரையை அடியோடு விலக்கி, பகல் முழுக்க வெயில் படும்படி வைத்தேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மூன்று பக்கமும் பாறைமலைகள் பகலெல்லாம் அதைக் குடித்து, பொழுது சாய்ந்த பிறகு எங்கள் மேல் கக்கும். தண்ணீர் முழுக்கப் பச்சையாகி, முருங்கைக்கீரைச் சாறு போல ஆயிற்று. மீன் இருக்கிறதா என்பதை நம்பிக்கையின் பேரில்தான் சொல்ல முடிந்தது. ஒரு நாள் விடிந்ததும் முருகையன் வீட்டுக்கே வந்து, "உன் பாசி மீன முழுங்குது, வா" என்று எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு மீன்களும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. டாக்டர் சட்டை போடாமல், துண்டோடு தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். மூச்சுத் திணறுகிற பிள்ளையின் பக்கத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். அப்போதாவது கையில் ஒரு ஊசி இருக்கும்.

பகலில் பிராணவாயுவை விடுகிற பாசி இருட்டில் தானும் அதைத்தான் இழுக்கும். அளவுக்கு மிஞ்சினால் மீனுக்கு விடியற்காலையில் மிச்சம் இருக்காது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். "இதுவும் அந்தப் பேப்பர்லதான் வருதா?" என்றார் டாக்டர். ஆமாம் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முருகையன் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு நாரை எடுத்தார். அப்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம். தொட்டியில் பாதித் தண்ணீரை மட்டும் மெதுவாக மொண்டு எடுத்தோம். முதல் நாளே பிடித்து வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரைச் செம்பு செம்பாக விட்டோம். ஜன்னலில் கோணியைக் கட்டி, காலை வெயில் மட்டும் படும்படி செய்தோம். மீன்கள் மெல்லக் கீழே இறங்கின. டாக்டர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, யாரும் வராத ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார்.

அதற்கப்புறம் தொட்டி ஒரு நிதானத்துக்கு வந்தது. முன்கண்ணாடி துலக்கமாக, மற்ற மூன்று பக்கமும் பச்சைப் பட்டுத் துணி ஒட்டினாற்போல, நடுவில் இரண்டு சிவந்த மீன்கள். பார்க்கவே குளுமையாக இருந்தது. ஆனால் ஊரில் யாரும் பார்க்கவில்லை. ஆடி போய் ஆவணி வந்தும் பெஞ்சு காலியாகவே இருந்தது. அவசரத்துக்கு வருகிற உள்ளூர்க்காரர்கள்கூட மருந்தை வாங்கிக்கொண்டு, வேறு யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். டாக்டர் புத்தகங்களை ஒரு மரப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் உண்ணாமலை வந்தாள். வல்லத்தில் மணிலாக் கடலை பயிரிடுகிறவள். நெஞ்செரிச்சலும் வயிற்று வலியும் அவளுக்கு வருஷக் கணக்கு. வெறும் வயிற்றில் புகையிலை போடாதே, பழையதுக்குப் பச்சைமிளகாய் கடிக்காதே என்று டாக்டரும் வருஷக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, வாயில் புகையிலை இருப்பதால் பேச முடியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். வேறு டாக்டரிடம் போகாததற்குக் காரணம், வேறு டாக்டரிடமும் தன் பழக்கங்களை முதலிலிருந்து சொல்லியாக வேண்டுமே என்கிற அலுப்பு.

அன்றைக்கு அவள் வயிற்றைக் காட்டவில்லை. தொட்டியைச் சுற்றி வந்து, குனிந்து, பக்கவாட்டில் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெளியே போய்ப் புகையிலையைத் துப்பிவிட்டு மறுபடி வந்தாள். விஷயம் பெரியது என்று தெரிந்தது.

"போன தபா நான் வந்தப்ப ஒண்ணு செத்து மெதந்துச்சு. இப்ப ரெண்டும் இன்னா தெம்பா இருக்குது. அது இன்னா மருந்து டாக்டரய்யா, பச்சையா?"

மருந்து இல்லை, பாசி என்றார் டாக்டர்.

"எனுக்கும் அதுல ஒரு அவுன்சு ஊத்து."

"அது மீன் பேண்ட தண்ணிம்மா."

"நீ வழக்கமா குடுக்கற செவப்புத் தண்ணி மட்டும் பன்னீராட்டமா மணக்குது? மருந்துன்னா நாறத்தான் செய்யும்." பிறகு குரலைத் தாழ்த்தி, நியாயம் கேட்கிறவளாகச் சொன்னாள்: "மீனுக்குப் பாக்கற வைத்தியத்த மனுசாளுக்குப் பாக்க மாட்டியா?"

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அதற்கும் தெம்பு வேண்டுமே. அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பெட்டியில் பாதி அடுக்கிய புத்தகங்களைப் பார்த்தார். பிறகு, அவளுக்கு இல்லாமல் சுவருக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"மீனுக்கு நான் ஒரு மருந்தும் குடுக்கலம்மா. அது பத்தியத்துல இருக்குது. நேரத்துக்கு ஒரு சிட்டிகை தீனி, அவ்ளோதான். காரம் கெடையாது. பொகையில கெடையாது. அத யாரும் தொந்தரவு பண்றதில்ல. இருக்குற எடத்துல சும்மா இருக்குது. அதான் உசுரோட இருக்குது."

உண்ணாமலை நிமிர்ந்தாள். பத்தியம் என்கிற சொல் காதில் விழுந்ததும் அவள் முகமே மாறிவிட்டது. இத்தனை வருஷம் டாக்டர் அவளிடம் சொன்னது புத்திமதி. புத்திமதியை எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை, அதைச் சொல்ல எல்லார் வீட்டிலும் ஆள் இருக்கிறது. பத்தியம் அப்படி அல்ல. பத்தியத்தை முறித்தால் மருந்து திருப்பி அடிக்கும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

"இது மீன் பத்தியமா?" என்றாள்.

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"எத்தினி நாளைக்கு?"

"உசுரு இருக்கற வரைக்கும்."

அவள் யோசித்தாள். தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மீன் ஒன்று வாயைத் திறந்து மூடியது. "அது பொகையில போட்டு நான் பாத்ததில்ல, வாஸ்தவந்தான்" என்று ஒப்புக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து புகையிலைப் பட்டையை எடுத்து முருகையன் கையில் வைத்தாள். வழக்கமான சிவப்பு மருந்தையும் வாங்கிக்கொண்டாள், அது அவளுக்கு இப்போது இரண்டாம் பட்சம்.

ஒரு மாதம் கழித்து வந்த வெள்ளிக்கிழமை வல்லத்திலிருந்து ஒரு கட்டைவண்டி வந்து நின்றது. முன்னால் உண்ணாமலை, முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. பின்னால் ஏழெட்டுப் பெண்கள், இரண்டு கிழவர்கள். எல்லாருக்கும் மீன் பத்தியம் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அவலூர்பேட்டைக்காரர்கள் வந்தார்கள். துண்டை உதறிக்கொண்டு போனவரும் அதே துண்டோடு வந்து, யார் முதலில் வந்தது என்று சண்டை போட்டார்.

டாக்டர் ஒவ்வொருவரையும் முறையாகத்தான் பார்த்தார். நாடி, நாக்கு, வயிறு, எழுத வேண்டிய மருந்தை எழுதினார். கடைசியில் அவர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு என்று அவருக்குத் தெரியும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, இருமுகிறவனிடம் "மீன் பீடி குடிக்காது" என்பார். சர்க்கரை வியாதிக்காரரிடம் "மீன் வெல்லம் தின்னாது" என்பார். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். போய் அப்படியே நடந்தார்கள் என்பதுதான் விசேஷம். இருபது வருஷமாகக் கெஞ்சியும் நடக்காதது நடந்தது. ஜனங்கள் பீடியை விட்டார்கள், வெல்லத்தை விட்டார்கள். உடம்பு தேறியதும் கைராசி என்றார்கள்.

ஒரு மத்தியானம் கூட்டம் கலைந்ததும் டாக்டர், "இது பொய்யாடா கோவிந்தராஜ்?" என்று கேட்டார். மீன் பீடி குடிக்காது என்பது விஞ்ஞான ரீதியில் உண்மைதான் என்று சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். "இதை ஒரு மீன் வந்து சொல்ல வேண்டியிருந்துது" என்றார். கட்டிலுக்குப் போகத் தெம்பில்லாமல் பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார்.

முருகையனும் கட்சி மாறிவிட்டார். தொட்டியின் பச்சைப் பக்கங்களுக்கும் சந்தனம் குங்குமம் வந்துவிட்டது. கண்ணாடியில் விரல் வைக்கிறவர்களை, லட்சுமி பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தொடலாமா என்று அதட்டினார். மீனுக்குப் பொரி போட வந்தவர்களிடம், பத்தியத்தைக் கெடுக்கிறாயா என்று ஒரு கேள்விதான். அவர்கள் பொரியைத் தாங்களே தின்றார்கள்.

செப்டம்பரில் நான் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். மீன் தொட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அரிகிருஷ்ணன் காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே சாமான் ஏற்ற ஒரு வேன். அவரால் டாக்டரைப் பார்க்க உள்ளே நுழைய முடியவில்லை. வாசல் வரை ஆள். முன்னால் போனவரை, "வரிசையில வா நைனா" என்று உண்ணாமலை பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். அவளுக்கு இப்போது வயிற்று வலி இல்லை, ஆனாலும் சந்தைக்கு வந்தால் மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள். அவருடைய தொந்தியை ஒரு தரம் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் கவலைப்படாதே, மீன் பத்தியம் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பத்திலிருந்து விளக்கினாள். தான் ஒரு டாக்டர் என்று அவர் சொல்லிப் பார்த்தார். டாக்டர் இங்கே இருக்கும்போது நீ எதற்கு வந்தாய் என்று அவள் கேட்டாள்.

முறை வந்து உள்ளே போனபோது அவருக்குச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"மாப்ளே, அப்ப வரலியா?"

டாக்டர் ஒரு குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டே வெளியே இருக்கிற கூட்டத்தைத் தலையால் காட்டினார். "எங்க மச்சான் வர்றது. பாருங்க."

அரிகிருஷ்ணன் வேனைத் திருப்பி அனுப்பினார். கார் கதவைத் திறந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அந்தப் பாசி படிந்த கல்லில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். தன் ஆஸ்பத்திரியிலும் ஒரு தொட்டி வைக்கலாமென்று பார்ப்பதாகவும், தான் கேட்டது டாக்டருக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

இருட்டுகிற நேரத்தில் கடைசி ஆளும் போனதும் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டீர்கள் சார் என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

அவர் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "விழுப்புரத்துல ஞாயித்துக்கிழமை லீவு" என்றார்.

வெளியே வண்டி ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. முருகையன், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மாட்டுவண்டி கட்டி வந்திருக்கிற மேல்சித்தாமூர்க்காரர்கள் நாலு பேர் என்றார், காலையில் வரச் சொல்லட்டுமா என்றும் கேட்டார்.

டாக்டர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "வரச் சொல்லு" என்றார்.